நடிகனும் பாத்திரமும்

நாடக மேடையிலே பாத்திரம் முன்னிற்க, நடிகன் அதன்பின் மறைதல் மரபு. திரைப்படத்திலோ நடிகனின் முகமே பேருருக்கொண்டு நம்முன் தோன்றுகிறது. அம்முகத்தைப் பல படங்களிலும் கண்டு பழகிய நாம், புதிய பாத்திரத்தையும் பழைய பாத்திரங்களின் நினைவோடேயே வரவேற்கிறோம். இவ்வாறு திரண்ட நினைவை நடிகனின் திரைத்தோற்றம் எனலாம். வெவ்வேறு மனிதராக மாறவல்ல திறன் அதனின் வேறானது. இவ்விரண்டும் பாத்திரத்தை எங்ஙனம் உருவாக்குகின்றன என்பதைச் சிறிது நோக்குவோம்.

ஒரே கதை மூவர் கைப்பட்ட வரலாறு இதனை நன்கு விளக்கும். உருவொத்த சகோதரர் இருவர். ஒருவன் கொடியோனிடம் சாட்டையடி படும் கோழை, மற்றவன் அஞ்சா நெஞ்சன். ஆள்மாறாட்டத்தால் கொடியோன் அடங்குகிறான். இக்கதை தெலுங்கில் 1964ஆம் ஆண்டு 'ராமுடு பீமுடு' எனவும், தமிழில் 1965இல் 'எங்க வீட்டுப் பிள்ளை' எனவும், இந்தியில் 1967இல் 'ராம் அவுர் ஷ்யாம்' எனவும் வெளிவந்தது. மூன்றையும் நெறிப்படுத்தியவர் தாபி சாணக்யா ஒருவரே. நடித்தோர் முறையே என். டி. ராமராவ், எம். ஜி. இராமச்சந்திரன், திலீப் குமார் ஆவர்.

இலங்கையிலே 1917இல் பிறந்த எம். ஜி. ஆர். ஏழை பங்காளராகத் திரையில் நிலைபெற்றவர். ஆதலின் அவர் சாட்டையேந்திப் பாடும் காட்சி, ஒரு குடும்பப் பகையைக் கடந்து, எளியோர் துயர் துடைக்கும் சூளுரையாயிற்று. அவர் கோழையாக நடித்ததையும் மக்கள் ஏற்றனர். வீரனும் அவரே என்பதை அறிந்திருந்தனரன்றோ! திலீப் குமாரோ 'தேவதாஸ்' (1955) முதலிய சோகப் படங்களாற் புகழ்பெற்றவர். அவரிடம் அதே கதை நகைச்சுவை ஆற்றலைக் காட்டும் களமாயிற்று. கதை ஒன்று, முகம் மாறப் பொருளும் மாறியது.

பன்முகத் திறனுக்குச் சிவாஜி கணேசனைச் சான்று காட்டலாம். 'அந்த நாள்' (1954) படத்தில் நாட்டைக் காட்டிக்கொடுக்கும் துரோகியாக நடித்தவரே, 'வீரபாண்டிய கட்டபொம்ம'னில் (1959) நாட்டுக்காகத் தூக்குமேடை ஏறினார். இரண்டையும் அவையோர் நம்பினர். எனினும் திறனும் ஒரு தோற்றமாக உறைந்துவிடுதல் உண்டு. 1964இல் வந்த 'நவராத்திரி'யில் அவர் ஒன்பது வேடம் புனைந்தார். அங்கே கதைக்காக நடிப்பு என்ற நிலை மாறி, நடிப்புக்காகவே கதை என்றாகிவிட்டது.

திரைத்தோற்றம் கொட்டகையோடு நிற்பதுமன்று. எம். ஜி. ஆர். 1977இலும், ராமராவ் 1983இலும் முதலமைச்சராயினர். அரசியல் உழைப்பும் காலச் சூழலும் அதற்குக் காரணங்களே. ஆயினும் பாத்திரத்தின் மீதிருந்த அன்பு மனிதன்மேற் படர்ந்ததை மறுத்தல் இயலாது. பாத்திரத்தின் அறம் கதாசிரியன் எழுதியது. மனிதனின் அறம் அவன் செயலால் அறியப்படுவது. இவ்வேறுபாட்டை உணர்ந்து சுவைப்பதே கற்றோர்க்கு அழகு.

கல்லூரி மேடைக்கும் இது பொருந்தும். உயர்ந்தவனுக்கு என்றும் அரச வேடம், குள்ளனுக்கு என்றும் விதூஷகன் என்று வகுத்துவிட்டால், அவ்வேடமே மாணவனின் உள்ளத்திலும் ஒட்டிக்கொள்ளும். அரசனாக நடித்தவன் ஒருமுறை ஏவலனாகட்டும். சிரிக்க வைத்தவன் ஒருமுறை அழவைக்கட்டும். பிறர் நிலையில் நின்று பார்க்கும் பயிற்சி அதனாற் கிட்டும். நடிப்புக்கலை இளைஞர்க்கு நல்கும் பெரும்பேறு அதுவே என்பது நம் துணிபு.