விதைச் சாமையும் தவக்குலும்



பசி சூழ்ந்த வீட்டில் கொஞ்சம் தானியம் எஞ்சியிருக்கிறது. அதைச் சமைத்து உண்ணாமல், எடுத்துச் சென்று மண்ணில் இறைப்பவனை என்னவென்று சொல்வீர்கள்? ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சரிவுகளில் சாமை பயிரிடும் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக இதைத்தான் செய்து வருகிறார்கள். கல்லும் சரளையும் கலந்த மேட்டு நிலம் அது. வாய்க்கால் எட்டாத அச்சரிவுகளில் வானம் கொடுத்தால்தான் விளைச்சல். ஆயினும் எத்தனை வறுமை வந்தாலும் விதைச் சாமையில் கை வைப்பதற்கு அவ்வீட்டுப் பெண்கள் எளிதில் இணங்க மாட்டார்கள். அவர்கள் நம் மார்க்கத்தவர் அல்லர். எனினும் தவக்குல் என்னும் சொல்லை மாணவர்களுக்கு விளக்கும்போது, எனக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைப்பதில்லை.

காலையில் ஒட்டிய வயிற்றோடு கூட்டை விட்டுச் சென்று, மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்பும் பறவையைத் தவக்குலுக்கு எடுத்துக்காட்டாகக் கூறினார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். பறவை கூட்டிலேயே இருந்துவிடவில்லை, பறந்து சென்றது! இதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தை ஏமாற்றியது. வழக்கமாகப் பெய்ய வேண்டிய அளவில் 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்துபோயிற்று. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என அரசு அறிவித்தது. பல ஊர்களில் முஸ்லிம்கள் திடலில் திரண்டு மழைத் தொழுகை நடத்தினார்கள். தொழுதவுடன் மழை பெய்ததா என்று கேட்போர் உண்டு. துஆ என்பது கொடுத்தவுடன் சரக்கு வாங்கும் ரசீதா என்ன?

அன்னை ஹாஜர் (அலை) அவர்களைச் சிந்தித்துப் பாருங்கள். புல்பூண்டு முளைக்காத மக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு பை பேரீச்சம்பழத்தோடும் ஒரு தோற்பை நீரோடும் பச்சிளங் குழந்தையோடும் விடப்பட்டார்கள். இது இறைக்கட்டளையே என்று தெரிந்ததும், அப்படியானால் அவன் நம்மைக் கைவிடமாட்டான் என்று உறுதியாகச் சொன்னார்கள். பிறகு நீர் தீர்ந்தது. குழந்தை துடித்தது. ‘கைவிடமாட்டான்’ என்று சொன்ன அதே தாய் உட்கார்ந்திருக்கவில்லை. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழுமுறை ஓடினார்கள். நீர் எங்கே வந்தது? அவர்கள் ஓடிய குன்றுகளில் அன்று. குழந்தை கிடந்த இடத்தில்! உழைப்பு ஓரிடத்தில், உதவி வேறிடத்தில். ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்வோர் அனைவரும் இன்றளவும் அந்த ஓட்டத்தையே ஓடுகிறார்கள்.

ஜவ்வாது மலையிலிருந்து ஆலங்காயம் வழியாக இறங்கினால் பாலாற்றங்கரை வாணியம்பாடி. வறண்ட மணலாகவே நாம் பார்த்துப் பழகிய அந்த ஆறு, 1903 நவம்பரில் பெருவெள்ளமாய்ப் புகுந்து அவ்வூரைச் சூறையாடியது. உயிர்கள் பல மாண்டன; வீடுகள் கரைந்தன. அந்தத் துயரத்தைக் கண்ணால் கண்டவர்கள் வாழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1919இல், அங்கு இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. வெள்ளத்தில் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவருக்குக் கல்லூரி ஈடாகாது. அப்படிச் சொல்வது கொடுமை. எனினும் அவ்வூர் தன் விதைச் சாமையைத் தின்றுவிடவில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘அல்லாஹ் பார்த்துக்கொள்வான்’ என்பது துன்பத்தில் இருப்பவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள வேண்டிய சொல். வியாபாரம் நொடித்து, வட்டிக்காரன் வாசலில் நிற்கும் அண்டை வீட்டுக்காரரிடம், வயிறு நிறைந்த நாம் அதைச் சொல்லிவிட்டு நகர்வது தவக்குல் ஆகாது. அதற்குக் கஞ்சத்தனம் என்று பெயர். அவருக்கு நாம் தரவேண்டியது அறிவுரை அன்று. ஜகாத்தும், வட்டியில்லாக் கடனும், கூட நடந்து சென்று பேசித் தீர்க்கும் ஒரு துணையும்.

ஹிஜ்ரி 18இல் அரபு நாட்டைக் கொடும் பஞ்சம் பிடித்தது. காற்றில் மண் சாம்பலாய்ப் பறந்ததால் ‘சாம்பல் ஆண்டு’ என்றே அது பெயர் பெற்றது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அண்ணலாரின் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களை முன்னிறுத்தி மழை வேண்டி அழுதார்கள். ஆளுநர்களுக்கு அவசரக் கடிதம் எழுதித் தானியம் வரவழைத்ததும் அவர்களே. மக்களுக்குக் கிடைக்கும்வரை நெய்யும் இறைச்சியும் தொடமாட்டேன் என்று உறுதி பூண்டார்கள். எண்ணெயையே உண்டு அவர்களின் மேனி கறுத்தது. மழை பெய்து, மக்கள் தத்தம் ஊர் திரும்பிய பிறகே கலீஃபாவின் உணவில் நெய் சேர்ந்தது.