ஈசனின் கண்ணீர்க் குளம்

தட்சனின் வேள்வியில் தாட்சாயணி உயிர் நீத்தபோது, சிவபெருமான் ஆறாத் துயரில் ஆழ்ந்தார். அவர் சிந்திய கண்ணீர்த் துளிகளுள் ஒன்று ராஜஸ்தானத்துப் புஷ்கரத்திலும், மற்றொன்று கடாஸ் என்னும் இடத்திலும் விழுந்து தீர்த்தங்களாயின என்பது வடநாட்டார் போற்றும் தல வரலாறு. புஷ்கரத்தில் இன்றும் அடியார் கூட்டம் அலைமோதுகிறது. கடாஸ் ராஜ் திருத்தலமோ, பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில், சக்வால் மாவட்டத்து உப்பு மலைத்தொடரில், நித்திய பூஜையின்றி நிற்கிறது.

நச்சுப் பொய்கை

வனவாசத்தில் பாண்டவர் தங்கிய இடமும், தருமபுத்திரரிடம் யட்சன் வினாத் தொடுத்த பொய்கையும் இதுவே என்பது தல மரபு. குளத்தைச் சூழ்ந்த மேட்டில் 'சத்கரா' என வழங்கும் பழைமையான ஆலயத் தொகுதி உள்ளது. இந்து ஷாஹி மன்னர் காலத்தில் இத்தலம் செழித்திருந்தது. பிற்காலத்தில் எழுந்த ராமர், அனுமன் ஆலயங்களும் உண்டு. பௌத்தத் தூபி ஒன்றின் சிதைவும், மகாராஜா ரஞ்சித் சிங்கின் படைத்தலைவர் ஹரி சிங் நல்வாவின் மாளிகையும் அருகருகே காணப்படுகின்றன. குரு நானக் இங்கு எழுந்தருளினார் எனச் சீக்கியரும் இத்தலத்தைப் போற்றுவர்.

1947-ல் தேசம் பிரிந்தது. வழிவழியாக வழிபட்டு வந்த இந்துக்களும் சீக்கியரும் ஊரை விட்டு அகன்றனர். மணியோசை அடங்கியது. கருவறைகள் திருமேனியின்றி வெறுமையாயின. சுவர்களில் விரிசல் படர்ந்தது.

வற்றிய தீர்த்தம்

ஆலயங்கள் பாழடைந்தபோதும் திருக்குளம் மட்டும் ஊற்று நீரால் நிறைந்தே இருந்தது. பின்னாளில் அதற்கும் சோதனை வந்தது. சுற்றுப்புறத்தில் எழுந்த சிமெண்ட் ஆலைகள் ஆழ்துளைக் கிணறுகள் வழியே நிலத்தடி நீரை உறிஞ்சின. நீர்மட்டம் சரிந்து, குளம் வற்றத் தொடங்கியது. செய்தியறிந்த பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் 2017-ல் தானே முன்வந்து வழக்கை விசாரித்தது. ஆலைகள் தம் தண்ணீர்த் தேவைக்கு மாற்று ஏற்பாடு செய்துகொள்ள வேண்டுமென 2018-ல் ஆணையிட்டது.

விடை கூறாமல் நீரருந்தக் கூடாது என்று யட்சன் தடுத்ததாகச் சொல்லப்படும் பொய்கை இது. தாகம் தாங்காத தம்பியர் நால்வரும் அவன் சொல்லைக் கேளாது அருந்தி வீழ்ந்தனர். பொறுமையுடன் விடை பகர்ந்த தருமர் நீரை மட்டுமன்றி, தம்பியரின் உயிரையும் மீட்டார். இயற்கை தந்த நீருக்கும் ஒரு தருமம் உண்டு என்பதை அக்கதை அன்றே உணர்த்தியது.

மீண்டும் ஒளிரும் தீபம்

2005-ல் இந்தியத் தலைவர் எல்.கே. அத்வானி இத்தலத்திற்குச் சென்று வந்தார். அதனையொட்டிப் பாகிஸ்தான் அரசு திருப்பணிகளைத் தொடங்கியது. 1974-ல் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, இசைவு கிட்டும் காலங்களில் இந்திய யாத்திரிகர்கள் குழுவாகச் செல்கின்றனர். பாகிஸ்தானில் வாழும் இந்துக்களும் மகா சிவராத்திரியில் வந்து கூடுகின்றனர்.

ஆண்டில் சில நாட்களே தீபம் ஏற்றப்படுகிறது. ஆயினும் அந்தச் சில நாட்களில், வெறுமையுற்ற அந்தக் கற்சுவர்களிடையே ஈசன் திருநாமம் மீண்டும் ஒலிக்கிறது. அடியார் கால் நனைத்துத் தொழ அக்குளத்தில் நீர் என்றும் நிலைத்திருக்க வேண்டும் என்பதே எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள பக்தர்களின் வேண்டுதல்.