எக்பே

எக்பே என்பது நைசீரியாவின் தென்கிழக்கிலும் கமரூனின் தென்மேற்கிலும் எஃபிக் முதலிய இனத்தவரிடையே உள்ள இரகசியச் சங்கம் ஆகும். எஃபிக் மொழியில் எக்பே என்றால் சிறுத்தை என்று பொருள்.

அமைப்பு

சங்கத்தில் பல படிநிலைகள் உள்ளன. கட்டணம் செலுத்தியே மேல்நிலையை அடையலாம். மறைவிடத்தில் உள்ள உராய்வு முரசின் உறுமல் சிறுத்தையின் குரலாகக் கருதப்படுகிறது. பிறர் அதனைக் கேட்கலாம், காணலாகாது. உடல் முழுவதையும் மூடும் உடையணிந்த ஆட்டக்காரர் சிறுத்தையின் ஆவியாக வருவர். தமிழகப் புலியாட்டத்தில் ஆடுபவர் உடலில் வண்ணம் பூசி ஊரறிய ஆடுவார். எக்பேயில் ஆடுபவர் யார் என்பது மறைக்கப்படும்.

வரலாறு

18, 19ஆம் நூற்றாண்டுகளில் கலபார் துறைமுக நகரில் எக்பே ஓர் அரசினைப் போன்று செயற்பட்டது. சட்டங்களை அறிவித்தது, கடன் தீர்க்காதவரின் வணிகத்தை முடக்கியது. அங்கு அடிமை வணிகம் கடனை நம்பியே நடந்தது. எனவே அவ்வணிகத்திற்கு எக்பே காவலாகவும் அமைந்தது. ஐரோப்பிய வணிகர் சிலரும் இதில் சேர்ந்தனர்.

கியூபாவில்

அதே சங்கத்தின் மரபினை, அடிமைகளாக விற்கப்பட்டோர் கியூபாவிற்குக் கொண்டுசென்றனர். 1836இல் அவானா துறைமுகத்தை அடுத்த ரெக்லாவில் அபக்குவா என்னும் சங்கம் தோன்றியது. துறைமுகத் தொழிலாளர் பலர் இதில் இணைந்து ஒருவருக்கொருவர் உதவினர். 1863இல் வெள்ளையரும் சேர்க்கப்பட்டனர். எசுப்பானிய ஆட்சி தடைசெய்தபோதிலும் அபக்குவா இன்றும் நிலைத்துள்ளது.