இடுப்புக்குள் ஒளிந்த துவக்கு

எங்கள் பெரியப்பாவின் துவக்கை நிலத்தில் ஊன்றினால் அவருடைய நெஞ்சளவுக்கு நிற்கும். ஒற்றைக் குழல், பன்னிரண்டு போர். பிடிக்கட்டையில் கை பட்டுப் பட்டு மினுங்கிய ஒரு திட்டு இருந்தது. கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீர் பாயும் வயலில் கதிர் பால் பிடிக்கும் காலத்தில், அந்திப்பட்டதும் அதைத் தோளில் சாத்திக்கொண்டு காவல் கொட்டிலுக்குப் புறப்படுவார். ஒழுங்கையில் எதிரே வருகிறவர்கள் அதைக் கண்டு ஒதுங்கியதில்லை. "இண்டைக்குப் பண்டி இறங்குமோ அண்ணை?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

வருட முடிவில் அனுமதிப்பத்திரத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, தள்ளாடி தாண்டி, தாம்போதி தாண்டி, மன்னார்த் தீவுக்குள் இருக்கும் கச்சேரிக்குப் போய்ப் புதுப்பித்து வருவார். அதற்கு முன்னதாகவே விதானையாரிடம் போயிருப்பார். 1963இல் விதானைமார் முறை போய்க் கிராமசேவகர்கள் வந்துவிட்டார்கள். ஆனாலும் பெரியப்பாவுக்கு அவர் கடைசிவரை விதானையார்தான். எத்தனை ஏக்கர் வயல், எந்தப் பக்கம் காடு, போன வருடம் எத்தனை தோட்டா வாங்கினார் என்பதெல்லாம் அந்த மனிதருக்கு மனப்பாடம். ஊருக்கும் அப்படித்தான். எந்த வீட்டில் துவக்கு இருக்கிறது, எந்த வீட்டில் இடியன் இருக்கிறது, எவருடைய துவக்கு மழை நாளில் வெடிக்காது என்பதெல்லாம் சிறுவர்களான எங்களுக்கே தெரியும்.

இடியனைப் பற்றி ஒரு சொல். குழல்வாய் வழியாக மருந்து கொட்டி, தும்பு திணித்து, கம்பியால் இடித்து, சன்னம் போட்டு, மறுபடியும் தும்பு வைத்து இடிக்க வேண்டும். அதனால்தான் வன்னியிலும் மன்னாரிலும் அதற்கு இடியன் என்று பெயர் வந்தது. ஒரு வெடி போனால் அடுத்த வெடிக்குள் ஆத்திரம் ஆறிவிடும் என்று கிழவர்கள் சொல்வார்கள். அவர்கள் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

பெருநிலத்து வயல்காரரின் பொருளாகத்தான் துவக்கு இருந்தது. பேசாலையிலும் தலைமன்னாரிலும் கடலை நம்பி வாழ்ந்தவர்களுக்கு வலையும் வள்ளமும்தான் சொத்து. பன்றியும் யானையும் இறங்கும் மாந்தைப் பக்கத்திலும் முசலிப் பக்கத்திலும்தான் தோளில் துவக்கோடு ஆட்களைக் காணலாம். வங்காலைக் கடனீரேரியில் தாரா வெடி வைத்தவர்களும் உண்டு. அந்த இடம் 2008இல் பறவைகள் சரணாலயமானது. 2010இல் ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. இன்று அங்கே குழல் நீட்டி நிற்பவர்கள் படப்பிடிப்பாளர்கள். பூநாரைக் கூட்டம் எழும்பும்போது கேட்பது கமராச் சத்தம் மட்டுமே. துவக்கின் வரலாற்றில் மன்னாருக்குக் கிடைத்த நல்ல மாற்றம் என்று என்னால் மனமறிந்து சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

பெரியப்பாவுக்கு அனுமதி கொடுத்தது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். திருத்தங்களோடு இன்றும் அதுவே நடைமுறையில் இருக்கிறது. நடைமுறையில் ஒரு பிரிப்பும் உண்டு. பயிர் காக்கும் நீளத் துவக்கைக் கேட்பவர் மாவட்டக் கச்சேரிக்குப் போவார். உயிர் காக்க ரிவோல்வரோ பிஸ்டலோ கேட்பவர் கொழும்பில் பாதுகாப்பு அமைச்சுக்குப் போக வேண்டும். முதலாவதைப் பற்றி ஊரைக் கேட்பார்கள். இரண்டாவதைப் பற்றி ஊருக்குத் தெரியவே தெரியாது. அன்றைக்கும் இன்றைக்கும் இடையிலான வேறுபாடு முழுவதும் இந்தப் பிரிப்பில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நடுவில் வந்த முப்பது வருடத்தை நீட்டி எழுத எனக்கு மனமில்லை. 1978 ஏப்ரல் 7ஆம் திகதி முருங்கன் பக்கத்துக் காட்டில் இன்ஸ்பெக்டர் பஸ்தியாம்பிள்ளையும் அவரோடு போனவர்களும் கொல்லப்பட்டார்கள். பொலிஸார் கொண்டுபோன இயந்திரத் துவக்கே அவர்கள்மீது திரும்பியது. எண்பதுகளில் வீட்டுத் துவக்குகள் ஒன்றில் பொலிஸ் நிலையத்துக்குப் போயின, அல்லது இரவில் வந்த இயக்கப் பொடியன்களின் கைக்குப் போயின. பெரியப்பாவுடையது எப்படிப் போனது என்பதை அவர் எவருக்கும் சொல்லவில்லை. பிறகு எங்கும் ரி-56 துவக்கு திரிந்தது. சோதனைச்சாவடியிலும் சந்தியிலும் கோயில் வாசலிலும் அது வெளிப்படையாகத் தொங்கியது. ஆனால் தனி மனிதர்களைத் தேடி வந்தது அது அல்ல. சேட்டுக்குக் கீழே செருகிய பிஸ்டல்தான் வீட்டுக் கதவைத் தட்டியது. "பிஸ்டல்காரர் வந்தவங்களாம்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லப் பழகிய தலைமுறை எங்களுடையது. 1987 ஓகஸ்ட் 5ஆம் திகதி பலாலியில், ஆயுத ஒப்படைப்பின் அடையாளமாக புலிகளின் யோகி மேசையில் வைத்ததும் ஒரு கைத்துப்பாக்கிதான்.

போர் 2009இல் முடிந்தது. 2015இல் தலைமன்னாருக்கு ரயில் திரும்பி வந்தது. துவக்குச் சத்தம் போய்விட்டது என்று நம்பினோம்.

2022 ஜூனில் உயிலங்குளம் பகுதியில் மாட்டுவண்டிச் சவாரிப் பகையில் சகோதரர் இருவர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2023 ஓகஸ்டில் அடம்பன் முள்ளிக்கண்டலில் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2025 ஜனவரி 16ஆம் திகதி காலை, வழக்குக்காக மன்னார் நீதிமன்றத்துக்கு வந்தவர்களை வாசலில் வைத்தே மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் சுட்டார்கள். இருவர் இறந்தார்கள், ஒரு பெண் உட்பட இருவர் காயப்பட்டார்கள். சவாரித் திடலில் தொடங்கிய பகை நீதிமன்ற வாசலில் வெடியாக முடிந்தது. சவாரிப் பகை எங்கள் பக்கம் புதிது அல்ல. முன்பெல்லாம் அது திடலில் தள்ளுமுள்ளாகித் தவறணையில் தீர்ந்துவிடும். கோபம் அன்றைய அளவுதான். இன்று கைக்குக் கிடைப்பதுதான் வேறு.

அதற்கு ஒரு மாதம் கழித்து, பெப்ரவரி 19ஆம் திகதி, கொழும்பு புதுக்கடை நீதிமன்றக் கூட்டுக்குள் பாதாள உலகக்காரர் கணேமுல்ல சஞ்சீவ சுடப்பட்டார். சுட்டவர் சட்டத்தரணியின் உடையில் இருந்தார். ரிவோல்வர் வந்தது, உள்ளே தாள்களை வெட்டிக் குடைந்த ஒரு சட்டப் புத்தகத்துக்குள். இதுவும் புதிது அல்ல. 1959 செப்டம்பர் 25ஆம் திகதி ரோஸ்மீட் பிளேஸ் வீட்டில் பிரதமர் பண்டாரநாயக்க ஒரு பிக்குவை வணங்கினார். அவரைச் சுட்ட அந்தப் பிக்கு சோமராமவின் காவிக்குள்ளே இருந்தது வெப்லி ரிவோல்வர். மறைத்துக் கொண்டுபோகும் துவக்கு ஒளிந்துகொள்வது, நாம் சோதிக்கத் தயங்கும் இடத்தில்தான்.

நீதிமன்ற வாசல் சூட்டுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு எழுந்தது. தேநீர்க் கடையில் நானே கேட்டேன். "சின்னதா, பாரமில்லாத ஒரு ரிவோல்வர் எடுக்க வழி இருந்தா நல்லது" என்றார் வியாபாரி ஒருவர். அவருடைய பயம் உண்மையானது. ஆகவே அந்த ஆசையை அலட்சியம் செய்யாமல் எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

பழைய வெப்லி மார்க் 6 ஒரு கிலோவுக்கு மேல் எடை. அமெரிக்காவில் ஸ்மித் அன்ட் வெசன் 1952இல் அலுமினியச் சட்டகத்தோடு ஒன்றை வெளியிட்டது. பிறகு ஸ்காண்டியம் கலந்த உலோகம், டைட்டானியம் என்று போய், 340 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டார்கள். 2009இல் ரூகர் நிறுவனம் பிளாஸ்டிக் பாகத்தோடு 380 கிராம் அளவில் ஒன்றைக் கொண்டுவந்தது. கடலுக்கு அப்பால் இந்தியாவில், டில்லியில் 2012 டிசம்பரில் ஒரு மாணவிக்கு நடந்த பாலியல் கொடுமைக்குப் பிறகு, கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 2014இல் "நிர்பீக்" என்று பெண்களுக்கான ரிவோல்வரை விற்பனைக்கு விட்டது. 500 கிராம், .32 அளவு, விலை 1,22,360 இந்திய ரூபாய். 2023இல் "பிரபல்" என்ற இன்னொரு ரிவோல்வர் வந்தது.

எடை குறைந்தால் சுகம்தானே என்று தோன்றும். ஆனால் ரவை போகும் வேகத்துக்கு ஈடாகத் துவக்கு பின்னால் உதைக்கும். அதே தோட்டாவை மூன்றில் ஒரு பங்கு எடையுள்ள துவக்கில் சுட்டால் உதையின் வேகம் மூன்று மடங்காகும். அப்படி உதைக்கும் பொருளில் எவரும் விரும்பிப் பயிற்சி எடுப்பதில்லை. இரண்டு அங்குலக் குழலில் குறி பார்க்கும் தூரம் குறுகிவிடுகிறது. விசையும் கனமானது. அதை இழுக்கும்போதே முனை ஆடும். பெரும்பாலும் ஐந்து ரவைதான். வாங்குவதற்கு எளிதாகவும் சுடுவதற்குக் கடினமாகவும் இருக்கும் ஆயுதம் இது. நீதிமன்ற வாசலில் நடந்ததுபோல மோட்டார் சைக்கிளில் வந்து முதல் வெடியை வைப்பவனுக்கு முன்னால், இடுப்பில் இருப்பதை எடுக்கக்கூட நேரம் கிடைக்காது. எவன் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டானோ அவனுக்குத்தான் ஒளிந்திருக்கும் துவக்கு பயன்படும். தற்காப்புக்காரர் எப்போதும் இரண்டாவதாகத்தான் எடுப்பார்.

2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு, தற்காப்புக்கென்று கொடுத்திருந்த துவக்குகளை மீளாய்வுக்காகத் தற்காலிகமாகத் திருப்பி ஒப்படைக்கச் சொன்னது. அது சரியான முடிவு என்பதே என் எண்ணம். ஒப்படைத்தவர்களில் உண்மையாகவே அச்சுறுத்தலோடு வாழ்பவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களுடைய பாதுகாப்புக்குப் பொலிஸ்தான் பொறுப்பு, அந்தப் பொறுப்பை முக்கால் றாத்தல் உலோகத்திடம் கொடுத்துவிட முடியாது. அதே கண்டிப்பு அனுமதியில்லாத துவக்குகள்மீதும் விழ வேண்டும். 1996ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தில் தண்டனை கடுமையாகத்தான் இருக்கிறது. பிடிபடுவதுதான் அரிது. காட்டோரத்தில் இன்னும் கட்டுத்துவக்கு கட்டுகிறவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பன்றிக்கென்று கட்டியது விறகு பொறுக்கப் போனவரின் காலைப் பதம் பார்க்கிறது.

பெரியப்பா காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. அன்றும் துவக்கால் செத்தவர்கள் உண்டு. ஆனால் வெடிச்சத்தம் கேட்ட மறுகணம் அது யாருடையது என்று ஊர் சொல்லிவிடும். இன்று பட்டணத்து நடுவில் பட்டப்பகலில் வெடி கேட்டாலும் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்க்கிறோம்.

தேநீர்க் கடையில் பேசிய அண்ணைக்கும், அவரைப்போல் நினைக்கிற மற்றவர்களுக்கும் என் வேண்டுகோள் இது: அந்த ரிவோல்வரைத் தேடாதேயுங்கள். எவருடைய இடுப்பில், எவருடைய காணியில், எந்த வைக்கோல் போருக்குள் ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால், பெயரைச் சொல்லாமலாவது 119க்கு அழைத்துச் சொல்லுங்கள்.