ஒரு மீட்டர் நீளத்தில் கால் மில்லி நீர்

வட அட்லாண்டிக்கின் நடுவே இருக்கிறது சர்காசோ கடல். அங்கே மேற்பரப்பு நீரில் கரைந்திருக்கும் பாஸ்பேட் பல சமயம் லிட்டருக்குச் சில நானோமோல்தான் தேறும். எடைக்கணக்கில் ஒரு மைக்ரோகிராமைக்கூட எட்டாது. அந்த அற்ப உப்பை நம்பித்தான் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் அங்கே வளர்கின்றன. அவை எவ்வளவு வளரும், காற்றிலிருந்து எவ்வளவு கரியமில வாயுவை இழுக்கும் என்று கணக்குப் போட வேண்டுமானால், முதலில் அந்த உப்பை அளந்தாக வேண்டும்.

அளக்கும் முறை பழையதுதான். அம்மோனியம் மாலிப்டேட், அமிலம், அஸ்கார்பிக் அமிலம், சிறிது ஆன்டிமனி உப்பு ஆகியவற்றை நீரில் சேர்த்தால், பாஸ்பேட் இருக்கும் அளவுக்கு நீல நிறம் எழும். லிவர்பூலில் மர்ஃபியும் ரைலியும் 1962-இல் செம்மைப்படுத்திய இந்தச் செய்முறை இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. நீலமான நீரை ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள கியூவெட் என்ற சிறு கலத்தில் ஊற்றி, ஒளிக்கற்றையைச் செலுத்தி, மறுபக்கம் எவ்வளவு குறைந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். குடிநீரையும் ஏரி நீரையும் சோதிக்க இதுவே போதும். ஐந்து நானோமோல் பாஸ்பேட் மட்டும் இருக்கும் கடல்நீரில் இது கைகொடுக்காது. அந்த நீலம் ஒரு சென்டிமீட்டரில் விழுங்கும் ஒளி, பத்தாயிரத்தில் ஏறத்தாழ இரண்டு பங்குதான். விளக்கின் சிறு நடுக்கமே அதை மறைத்துவிடும்.

விளக்கைப் பிரகாசமாக்கினால் சரியாகிவிடும் என்று தோன்றலாம். ஆனால் உள்ளே போகும் ஒளியும் வெளியே வரும் ஒளியும் ஒரே விகிதத்தில்தான் கூடும். விழுங்கப்படும் பங்கு மாறாது. அந்தப் பங்கைக் கூட்டும் வழியை 1729-இல் பூகேயும் 1760-இல் லாம்பர்ட்டும் காட்டிவிட்டார்கள். ஒளி கடக்கும் ஒவ்வொரு சென்டிமீட்டரும், தன்னிடம் வந்து சேரும் ஒளியில் அதே பங்கை எடுத்துக்கொள்கிறது. கரைசலின் செறிவு கூடினாலும் இதே கணக்குதான் என்று 1852-இல் பேர் சேர்த்தார். ஆகவே பாதையை நூறு சென்டிமீட்டராக நீட்டினால், பத்தாயிரத்தில் இரண்டு என்பது நூற்றில் இரண்டாகும். அதைத் தாராளமாக அளக்கலாம்.

சொல்வது எளிது, செய்வதுதான் கடினம். ஒரு மீட்டர் கண்ணாடிக் குழாயில் ஒளியைச் செலுத்தினால் கற்றை விரிந்து சுவரில் முட்டிச் சிதறும். குழாயை அகலமாக்கினால் நிறைய நீர் வேண்டும். ஒளியிழையில் நடப்பதுபோல, ஒளி திரவத்துக்குள்ளேயே சிறைப்பட்டு முழு அக எதிரொளிப்பால் துள்ளித் துள்ளிப் போக வேண்டும். வளைந்து விழும் நீர்த்தாரைக்குள் ஒளி அப்படிப் பயணிப்பதை ஜெனீவாவில் கொலாடன் 1840-களின் தொடக்கத்திலேயே காட்டியிருந்தார். அங்கே நீரைச் சுற்றி இருந்தது காற்று. நீரின் ஒளிவிலகல் எண் 1.33, காற்றினுடையது 1. வெளியே இருக்கும் பொருளின் எண் குறைவாக இருந்தால்தான் ஒளி திரும்பி உள்ளே வரும்.

குழாய் என்றால் சுவர் வேண்டுமே! குவார்ட்ஸின் எண் 1.46, நீரிலிருந்து ஒளி அதற்குள் நழுவிவிடும். அதனால்தான் 1972-இல் வால்ராஃபெனும் ஸ்டோனும் குவார்ட்ஸைவிட அதிக எண்ணுள்ள கரிமத் திரவங்களைக் குழலில் நிரப்பி, ராமன் சிதறலை, அதாவது ஒளி நிறம் மாறிச் சிதறுவதை, பன்மடங்கு பெருக்கிக் காட்டினார்கள். நீருக்கு அந்த வழி அடைபட்டே கிடந்தது. நான்ஸ்டிக் தவாவில் பூசும் டெஃப்லானின் எண்கூட 1.35, மயிரிழையில் தவறிவிடுகிறது. 1980-களின் இறுதியில் டூபாண்ட் நிறுவனம் கொண்டுவந்த டெஃப்லான் ஏஎஃப் என்ற பளிங்குபோன்ற பிளாஸ்டிக்தான் பூட்டைத் திறந்தது. அதன் எண் 1.29. சூத்திரம் தெரிந்தும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது இப்படி ஒரு பொருளுக்காகத்தான் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

அந்தப் பிளாஸ்டிக்கைக் கொண்டு செய்த கருவியைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. அரை மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழல் ஒன்று சுருட்டிப் பெட்டிக்குள் கிடக்கிறது. ஒரு முனையில் ஒளியிழை விளக்கின் ஒளியைக் கொண்டுவந்து விடுகிறது. மறுமுனையில் இன்னோர் இழை அதை வாங்கி நிறமாலைமானிக்கு அனுப்புகிறது. ஒரு மீட்டர் குழலை நிரப்பக் கால் மில்லிலிட்டர் நீர் போதும். பாஸ்பேட்டை மட்டுமல்ல, நைட்ரைட்டையும் இரும்பையும் நானோமோல் அளவில் கப்பலிலேயே அளக்க இது உதவுகிறது.

தொல்லைகளும் உண்டு. குளிர்ந்த கடல்நீர் ஆய்வகத்தில் சூடேறும்போது கரைந்திருந்த காற்று பிரியும். அதில் ஒரு குமிழி குழலுக்குள் புகுந்தால் போதும், ஒளி சிதறி அளவீடு தாறுமாறாகும். இன்னொன்று, நீரே ஒளியை விழுங்குவது. டம்ளரில் நிறமற்றுத் தெரியும் நீர் சிவப்பொளியையும் அகச்சிவப்பையும் மெல்ல மெல்லத் தின்கிறது. மாலிப்டேட் நீலம் மிக அதிகமாக ஒளியை விழுங்குவது 880 நானோமீட்டரில்; ஆனால் அந்த அலைநீளத்தில் ஒரு மீட்டர் நீரைக் கடந்து வரும் ஒளி நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 700-ஐ ஒட்டிய அலைநீளத்தில் பாதியாவது வந்து சேரும். அங்கே நீலத்தின் பிடி தளர்ந்தாலும் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பாதையை நீட்டுவதிலும் இப்படி ஒரு விலை இருக்கிறது.

எல்லாவற்றையும்விடச் சிக்கலானது பூஜ்யம். நூறு மடங்கு பெருக்கும் கருவி அழுக்கையும் நூறு மடங்கு பெருக்கும். நீரில் சேர்க்கும் வேதிப்பொருள்களில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டும், புட்டியைக் கழுவிய சோப்பின் எச்சமும் கணக்கில் ஏறிவிடும். ஒப்பிடுவதற்கு வடிநீரை வைத்துக்கொள்ளவும் முடியாது, உப்புநீரில் ஒளி வளையும் அளவே வேறு. ஆகவே பாஸ்பேட் மட்டும் நீங்கிய கடல்நீர் வேண்டும். இதற்கு ஓர் அழகான வழி உண்டு: கடல்நீரில் சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தால் மக்னீசியம் ஹைட்ராக்சைடு வெண்ணிறமாய்த் திரண்டு, பாஸ்பேட்டையும் இழுத்துக்கொண்டு அடியில் படியும். மேலே நிற்கும் தெளிவு நீரில் பாஸ்பேட் ஏறக்குறைய இருக்காது. படிந்த வண்டலைக் கொஞ்சம் அமிலத்தில் கரைத்தால் அதே பாஸ்பேட் செறிந்து கிடைக்கும். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கார்லும் டியெனும் 1992-இல் வெளியிட்ட முறை இந்த வண்டலை நம்பியதுதான். அதற்கு நீண்ட குழலே தேவைப்படவில்லை.