சிதம்பரம் கோட்டையான கதை

புனித நகரம், ஆக்கிரமிப்பு என்றதும் நமக்கு ஜெருசலேம்தான் ஞாபகம் வரும். நம்ம விருத்தாசலத்துக்குக் கிழக்கே சிதம்பரமும் ஒரு காலத்தில் அப்படிப் படைகளிடம் சிக்கிய ஊர்தான்.

18-ம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாப் பதவிச் சண்டையில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பக்கம், ஆங்கிலேயர்கள் மறுபக்கம். நடராஜர் கோயிலில் உயரமான மதில் இருக்கு. வருகிற படையைத் தூரத்திலேயே பார்க்கக் கோபுரம் இருக்கு. முற்றுகை போட்டாலும் குடிக்கச் சிவகங்கைக் குளம் இருக்கு. கடலூரிலிருந்து கொள்ளிடம் போகிற வழியும் இதுதான். ஒரு தளபதிக்கு வேறென்ன வேண்டும்?

1749-ல் தஞ்சை மீது போன கேப்டன் கோப்பின் ஆங்கிலப் படை இங்கே தங்கியது. 1753-ல் ஆங்கிலக் காவல்படை பிரெஞ்சுக்காரர்களிடம் சரணடைந்தது. 1760-ல் கோயில் மறுபடி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பிறகு ஹைதர் அலி அரண்களைப் பலப்படுத்திக் காவலுக்கு ஆள் வைத்தார். 1781 ஜூன் 18-ல் தாக்கிய அயர் கூட், கோயிலைப் பிடிக்க முடியாமல் திரும்பினார். ஜூலை 1-ல் பரங்கிப்பேட்டையில்தான் அவர் ஹைதரை ஜெயித்தார்.

விருத்தாசலம் கோயிலும் தப்பவில்லை. அதுவும் அரணாகத்தான் இருந்தது. 1751-ல் அங்கே படையும் சாமானும் கொண்டுபோனவர்களில் ராபர்ட் கிளைவும் ஒருவர்.

ஜெருசலேமில் சண்டை அந்த மண்ணின் புனிதத்துக்காகவும்தான். இங்கே வந்த மூன்று படைகளுக்கும் சாமி பொருட்டே இல்லை. "எந்த மதத்துக்காரன் செய்தான்?" என்று கேட்டால் இந்த வரலாறு பிடிபடாது. கோயிலைக் காத்து நின்ற மதிலே படையை உள்ளே இழுத்தது. அடுத்த முறை தரிசனத்துக்குப் போனால், அந்த மதிலையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வாங்க.