அனகி அடுப்பைப் புகைக்கூட்டின் கீழ் வைக்கும் முன்

2022இல் எரிவாயு தட்டுப்பட்டபோது கிளிநொச்சியில் அம்மா மறுபடி விறகுக்குத் திரும்பினார். மீளக்குடியமர்ந்தபின் கிடைத்த வீட்டுத்திட்ட வீடு. குசினியில் புகைக்கூடு உண்டு. அதன் கீழே காஸ் அடுப்பு நின்றதால் மூன்று கல்லை வெறும் நிலத்தில் வைத்துச் சமைத்தார். இருமல் இன்னும் விடவில்லை. இப்போது 'அனகி' மண்ணடுப்பைப் பதிக்கப் போகிறோம்.

அனகிக்கு இரண்டு வாய். முன்பானையைத் தாண்டும் சூடு பின்பானையையும் கொதிக்கவைப்பதால் விறகு மிச்சம். ஆனால் அதற்கெனப் புகைக்குழாய் இல்லை. புகை பின்வாயைச் சுற்றியே வெளியேறும். விறகு குறைந்தால் புகையும் போய்விடும் என்று நம்பியே பலர் ஏமாறுகிறார்கள். இரண்டு வாயும் புகைக்கூட்டின் கீழ் வரவேண்டும். அளந்து பார்த்தேன்: எங்கள் மேடை அரை அடி குறைவு. மேடையோடு கூட்டின் விளிம்பையும் முன்னுக்கு நீட்டவேண்டும்.

பிறகு சுற்றிவரக் களிமண் பூசி நன்றாகக் காயவிடவேண்டும். ஈரத்தோடு மூட்டினால் வெடிப்பு விழும். அதற்குமுன் கூட்டுக்குள் இருக்கும் குளவிக்கூட்டை எடுக்கவேண்டும்.